‘போடு’ என்பதற்கு ஆங்கிலம் என்ன?

தேத்தண்ணி போடு. லைற் போடு. சட்டையைப் போடு. கையெழுத்துப் போடு. ஒரு கோல் போடு. பூட்டுப் போடு. ஊசி போட்டாச்சா? ஏழு இடத்திலும் நமக்கு ‘போடு’ ஒன்றுதான். ஆங்கிலத்தில் ஏழுக்கும் ஏழு வழி. தேத்தண்ணிக்கு ‘மேக்’. லைற்றுக்கு ‘டேர்ன் ஒன்’. சட்டைக்கு ‘புட் ஒன்’. கையெழுத்துக்கு ‘சைன்’ என்ற ஒரு சொல்லே போதும், அதற்குள்ளேயே போடுவதும் அடக்கம். கோலுக்கு ‘கோல் மீ’, பூட்டுக்கு ‘லொக்’, ஊசிக்கு ‘ஹாவ் யூ ஹாட் யுவர் இன்ஜெக்ஷன்?’. ‘போடு என்றால் புட்’ என்று மனனம் செய்தவர் ‘புட் த டீ’ என்று சொன்னால், கேட்கிறவர் கோப்பையை எங்கே வைப்பது என்று இடம் தேடுவார்.

மட்டக்களப்புக்கு ஆங்கிலப் பள்ளிக்கூடம் புதிதல்ல. வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட் இங்கே வந்து பள்ளி தொடங்கியது 1814இல். இன்றைக்கும் தரம் 3 முதல் சாதாரண தரம் வரை ஒன்பது வருடம் பிள்ளைகள் ஆங்கிலப் புத்தகத்தோடு இருக்கிறார்கள். ‘டேக், டுக், டேக்கன்’ என்று மூன்று வடிவமும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் வரும். ஆனால் பஸ்ஸில் ஒரு வெளிநாட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்று ‘இஸ் திஸ் சீட் டேக்கன்?’ என்று கேட்டால் வாய் திறக்காது. இதில ஆரும் இருக்காங்களா என்றுதான் அவர் கேட்கிறார். ‘நோ, கோ அஹெட்’ என்றால் சரி. இரண்டு பக்கமும் சேர்த்து ஏழே சொல், ஏழும் தெரிந்த சொல்தான். தெரியாதது, அவை சேர்ந்து ஒரு வசனமாகி எந்த இடத்தில் வரும் என்பது. ஆகவே தனிச்சொல் பட்டியலை மூடி வைத்துவிட்டு, வசனத்தை அது வாயில் வரவேண்டிய இடத்தோடு சேர்த்துப் படிப்பதுதான் வழி.

சொல் பத்தாது என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. சார்ள்ஸ் ஒக்டன் 1930இல் வெளியிட்ட ‘பேசிக் இங்கிலிஷ்’ முறையில் சொற்கள் 850தான், அதில் வினைகள் 18. அவ்வளவு குறைவாக முடிந்ததற்குக் காரணம், ஆங்கிலத்துக்கும் தன் ‘போடு’ இருக்கிறது. ‘கெட்’ அதில் ஒன்று. ‘கெட் அப்’ எழும்புவது, ‘கெட் பேக்’ திரும்பி வருவது, ‘கெட் வெல்’ சுகமாவது, ‘கெட் ஒன்’ பஸ்ஸில் ஏறுவது, ‘கெட் ஒஃப்’ இறங்குவது. காரென்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. எதற்கு ‘ஒன்’, எதற்கு ‘இன்’ என்று குழம்பவேண்டாம்: உள்ளே எழும்பி நடக்கக்கூடிய பஸ், ரயில், கப்பலுக்கு ‘ஒன்’, குனிந்து ஏறி அப்படியே இருக்கவேண்டிய காருக்கும் ஓட்டோவுக்கும் ‘இன்’, கால் போட்டு ஏறுகிற சைக்கிள், மோட்டார் சைக்கிளுக்கு மறுபடி ‘ஒன்’. ஓட்டோ ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இடம் வந்ததும் பயணியைப் பார்த்து ‘கெட் அவுட்’ என்றால் இலக்கணம் சரி, ஆனால் கேட்கிறவருக்கு ‘வெளியே போ’ என்று துரத்தினது போல் இருக்கும். ‘வீ ஆர் ஹியர்’ என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள், அவரே இறங்குவார்.

படிக்கிற முறைக்கு வருவோம். நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். முதல் பக்கத்தை வெறுமையாக விடுங்கள், அது பிறகு வேண்டும். இரண்டாம் பக்கத்திலிருந்து, இடப்பக்கத்தில் நீங்கள் உண்மையாகவே தமிழில் சொல்கிற வசனம், வலப்பக்கத்தில் அதற்கு ஆங்கிலக்காரர் சொல்வது. ‘உண்மையாகவே சொல்கிற’ என்பதுதான் முக்கியம். ‘ராமன் ஒரு நல்ல பையன்’ யாரும் சொல்வதில்லை. ‘மிச்சக் காசு தாங்க’, ‘இது எத்தினை மணிக்குப் போகும்?’, ‘கொஞ்சம் தள்ளி நில்லுங்க’ என்பவற்றைத்தான் நாள் முழுக்கச் சொல்கிறோம். ஒரு நாளைக்கு மூன்று வசனம், அதற்கு மேல் வேண்டாம். கிழமைக்கு ஆறு நாள், ஏழாம் நாள் பழையதைப் பார்ப்பது. வாரம் பதினெட்டு, பதினாறு வாரத்தில் 288. முதல் கிழமையிலேயே உற்சாகத்தில் நாளுக்கு இருபது எழுதுகிறவர்கள் மூன்றாம் கிழமை கொப்பியைத் தேடுவதில்லை.

எழுதின வசனத்தை வலப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு, இடப்பக்கத் தமிழைப் பார்த்து, சத்தமாகச் சொல்லிப் பிறகு திறந்து பாருங்கள். அடுத்த நாள் ஒரு தடவை, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள். ஜெர்மன் ஆய்வாளர் ஹேர்மன் எப்பிங்கவுஸ் 1885இல் தன்னையே வைத்துச் சோதித்துக் காட்டியது போல, மறதி முதல் மணித்தியாலங்களில்தான் வேகமாக நடக்கும், பிறகு மெல்ல மெல்லக் குறையும். அதனால்தான் தொடக்கத்தில் நெருக்கமாகவும் பிறகு இடைவெளி விட்டும் பார்ப்பது. ஒரே நாளில் ஐம்பது தரம் எழுதுவது பள்ளிக்கூடத் தண்டனைக்குப் பொருந்தும், நாக்குக்குப் பொருந்தாது. மனதுக்குள் வாசித்தாலும் பயனில்லை. வாய் அசையவேண்டும், வீட்டில் சிரித்தாலும் பரவாயில்லை.

வலப்பக்கத்து ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதவேண்டாம். இந்தக் கட்டுரை அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பது தெரிகிறது, ஆனால் இது வாசித்து விளங்குவதற்கு. நீங்கள் செய்வது நாக்கைப் பழக்குவது. தமிழ் எழுத்தில் ‘கோட்’ என்று எழுதினால் அது சட்டைக்கு மேல் போடுகிற கோட்டா, ஆடா, வழக்கு நடக்கிற கோட்டா என்று அந்த எழுத்துக்கே தெரியாது. ‘பார்க்’ என்றால் பூங்காவா, நாய் குரைப்பதா? நம் எழுத்தில் ‘க’வும் ‘ப’வும் இரண்டிரண்டு சத்தத்தைச் சுமக்கின்றன. ஆங்கிலத்தில் அந்தச் சத்தம் மாறினால் சொல்லே மாறிவிடும். ஆங்கில எழுத்திலேயே எழுதி, எந்த அசையை அழுத்தவேண்டுமோ அதற்கு மேலே ஒரு புள்ளி வையுங்கள். ‘ஹோட்டல்’ என்பதில் அழுத்தம் பின் அசையில். நாங்கள் முன்னாலே அழுத்துகிறோம். ‘பொலிஸ்’ அப்படியேதான், பின் அசையில்.

நாக்குச் சோதனைக்கு மூன்று காரியம் செய்யலாம். ஒரு விரல் அகலத்தில் ரிசூக் கடதாசித் துண்டு ஒன்றை உதட்டுக்கு முன்னால் இரண்டு அங்குலத்தில் தொங்கப் பிடித்து ‘பென்’ என்று சொல்லுங்கள். பேனாவுக்கான ஆங்கிலச் சொல்லில் அந்தத் துண்டு ஆடவேண்டும். தமிழ்ப் ‘பெண்’ணில் ஆடாது. ‘கப்’, ‘டைம்’ சொற்களின் தொடக்கத்திலும் அதே காற்று வரவேண்டும். ஆனால் ‘ஸ்பூன்’, ‘ஸ்டொப்’ என்று ‘ஸ்’ஸுக்குப் பின்னால் வந்தால் காற்று வேண்டாம், நம் தமிழ் உச்சரிப்பே சரி. இரண்டாவது, தொண்டையில் விரலை வைத்து ‘ஐஸ்’ என்று சொல்லுங்கள். குளிர்ந்த ஐஸுக்குக் கடைசியில் தொண்டை அதிராது. கண்களுக்கான ‘ஐஸ்’ஸுக்கு வண்டு போல அதிரும். ‘ப்ரைஸ்’ அப்படித்தான்: அதிராவிட்டால் விலை, அதிர்ந்தால் பரிசு. மூன்றாவது, பல். ‘ஃபேன்’, ‘வேன்’ இரண்டுக்கும் மேற்பல் கீழுதட்டைத் தொடும். ‘வோட்டர்’, ‘வெஸ்ட்’ போன்ற சொற்களுக்குப் பல் தொடாது, உதடு விசிலடிக்கிற மாதிரிக் குவியும்.

சரியா பிழையா என்று சொல்ல ஆள் இல்லையென்றால் ஃபோன் இருக்கிறது. விசைப்பலகையில் மைக் படத்தை அமுக்கி, மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி, கொப்பியில் உள்ள வசனத்தைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதை அது எழுதிக் காட்டும். மின்விசிறியைச் சொல்ல அது தாச்சிச்சட்டியை எழுதினால் பல்லு உதட்டில் படவில்லை என்று அர்த்தம். முதலில் இந்திய ஆங்கிலத்தில் வையுங்கள், நம் உச்சரிப்புக்கு அது கொஞ்சம் இரக்கம் காட்டும். பத்துக்கு ஒன்பது சரியாக வந்த பிறகு பிரித்தானிய ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள்.

வைத்தியசாலை வசனங்களை முதலில் எழுதுங்கள் என்பது எங்கள் பிடிவாதம். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. அந்த இணைப்பு அன்றாடம் நடக்கிற இடம் வார்ட்டுத்தான். தெற்கிலிருந்து வந்த டொக்டருக்குத் தமிழ் வராது, நமக்குச் சிங்களம் வராது. இடையில் நிற்பது உடைந்த ஆங்கிலம். இங்கே நம் ஊர்ச் சொல் ஒன்று காலை வாரும். ‘ஏலாது’ என்றால் முடியாது. ‘எனக்கு ஏலாம இருக்கு’ என்றால் சுகமில்லை. ஏலாது என்பதை அப்படியே ‘ஐ கான்ட்’ என்று சொன்னால் டொக்டர் ‘கான்ட் வட்?’ என்று கேட்பார். சொல்லவேண்டியது ‘ஐ’ம் நொட் ஃபீலிங் வெல்’. ‘எனக்குக் காய்ச்சல்’ என்பதில் தமிழுக்கு வினை தேவையில்லை. ஆங்கிலம் ‘ஹாவ்’ கேட்கும்: ‘ஐ ஹாவ் எ ஃபீவர்’. மூன்று நாளாகக் காய்ச்சல் என்றால் ‘ஐ’வ் ஹாட் எ ஃபீவர் ஃபோர் த்ரீ டேய்ஸ்’. திங்கட்கிழமையிலிருந்து என்றால் ‘சின்ஸ் மண்டே’. நாளை எண்ணிச் சொன்னால் ‘ஃபோர்’, தொடங்கின நாளைச் சொன்னால் ‘சின்ஸ்’. எங்கே நோகுது என்பதற்கு உறுப்பின் பெயர் தெரியாவிட்டால் விரலால் தொட்டு ‘இட் ஹேர்ட்ஸ் ஹியர்’ என்றால் போதும்.

அதைவிடப் பெரிய பொறி ‘ஓம்’. ‘நீங்க சாப்பிடல்லையா?’ என்று கேட்டால் ‘ஓம், சாப்பிடல்ல’ என்கிறோம். கேட்டவர் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்வது தமிழ் வழக்கம். ஆங்கிலத்தில் கேள்வி எப்படி இருந்தாலும் உண்மை நிலவரத்துக்குத்தான் பதில்: சாப்பிடவில்லை என்றால் ‘நோ’, சாப்பிட்டிருந்தால் ‘யெஸ்’. சத்திரசிகிச்சைக்கு முன்னால் ‘யூ ஹாவன்ட் ஈட்டன் எனிதிங்?’ என்று கேட்கும்போது தமிழ்ப் பழக்கத்தில் ‘யெஸ்’ என்று சொன்னால், சாப்பிட்டேன் என்று எடுத்துக்கொள்ளலாம். மருந்து ஒத்துக்கொள்ளாததைப் பற்றிக் கேட்டாலும் இதே ஆபத்து. வெறும் ‘யெஸ்’, ‘நோ’வோடு நிறுத்தாமல் முழுதாகச் சொல்லுங்கள்: ‘நோ, ஐ ஹாவன்ட் ஈட்டன்’, ‘ஐ ஹாவ் நோ அலர்ஜீஸ்’. தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவதையும் அங்கே விட்டுவிடுங்கள். அது நமக்கு ஆம், வெளியூர்க்காரருக்குப் புதிர். மருந்துப் பக்கெற்றில் ‘பி.டி.’ என்று இருந்தால் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ‘ரி.டி.எஸ்.’ என்றால் மூன்று வேளை. அவை லத்தீன் சுருக்கம், ஆங்கிலம் தெரிந்தவருக்கும் தானாகத் தெரியாது.

எண்கள். படித்தவர்களும் தடுமாறுவது இங்கேதான். 13க்கும் 30க்கும், 15க்கும் 50க்கும் கடைசி அசையில்தான் வித்தியாசம். ‘ஃபிஃப்டீன்’ கடைசியில் நீண்டு அழுத்தம் பெறும், ‘ஃபிஃப்டி’ முதலில் அழுத்தம் பெற்றுச் சட்டென்று முடியும். விலை பேசும்போது சந்தேகமிருந்தால் ‘வன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஸீரோ’ என்று இலக்கமாகச் சொல்லுங்கள், அல்லது ஃபோன் கல்குலேற்றரில் அடித்துக் காட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அறுகம்பையில் பழைய கடைக்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள். லட்சம், கோடி வெளிநாட்டவருக்கு விளங்காது. ஒன்றரை லட்சம் ‘வன் ஹன்ட்ரட் அன்ட் ஃபிஃப்டி தவுசண்ட்’, ஒரு கோடி ‘டென் மில்லியன்’. நேரத்தில் ‘ஐந்தே முக்கால்’ நம்மை ஏமாற்றும். நாங்கள் போன மணியில் நின்று முக்காலைக் கூட்டுகிறோம், ஆங்கிலம் வருகிற மணியைப் பார்த்து ‘குவாட்டர் டு சிக்ஸ்’ என்கிறது. ‘ஹாஃப் ஃபைவ்’ இன்னும் மோசம்: பிரித்தானியருக்கு அது ஐந்தரை, ஜெர்மன்காரர் தன் மொழிப் பழக்கத்தில் நாலரை என்று நினைப்பார். ‘ஃபைவ் தேர்ட்டி’, ‘ஃபைவ் ஃபோர்ட்டி ஃபைவ்’ என்று இலக்கத்தில் சொன்னால் யாருக்கும் பிழைக்காது. தொலைபேசி இலக்கத்தை வேகமாகச் சொல்லிப் பழகுவது நல்ல பயிற்சி. மட்டக்களப்பு 065, அம்பாறை 063, கல்முனை 067 என்று தொடங்கி வீட்டு எண்கள் எல்லாவற்றையும் வாசியுங்கள். 55 வந்தால் ‘டபுள் ஃபைவ்’.

இலங்கையில் பழகின ஆங்கிலத்தைப் பிழை என்று யாராவது திருத்த வந்தால் உடனே தலை குனியவேண்டாம். ‘ஐ’ல் கோ அன்ட் கம்’ என்பது ‘போயிட்டு வாறன்’ என்ற நல்ல சொல்லின் பிள்ளை, கொழும்பிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் வெளிநாட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று வாசலில் காத்திருக்கக்கூடும். அவருக்கு ‘சீ யூ லேற்றர்’. நாங்கள் சாப்பாட்டுக் கடையை ‘ஹோட்டல்’ என்கிறோம், அவர் அங்கே அறை கேட்பார். ‘பெற்றோல் செட்’ அவருக்கு ‘பெட்ரோல் ஸ்டேஷன்’, அமெரிக்கர் என்றால் ‘கேஸ் ஸ்டேஷன்’. பஸ் ‘ஹோல்ற்’ அவருக்கு ‘பஸ் ஸ்டொப்’. ‘சொப்பிங் பேக்’ நமக்குப் பொலித்தீன் பை, அவருக்கு ‘ப்ளாஸ்டிக் பேக்’. ‘ப்ளெயின் டீ’ கேட்டால் விழிப்பார், ‘ப்ளாக் டீ’ என்றால் தெரியும். கத்தரிக்காய்க்கு நம் ‘ப்ரின்ஜோல்’ இங்கே போதும். பிரித்தானியருக்கு ‘ஓபர்ஜீன்’, அமெரிக்கருக்கு ‘எக்ப்ளான்ட்’. இறால் பிரித்தானியருக்கு ‘ப்ரோன்ஸ்’, அமெரிக்கருக்கு ‘ஷ்ரிம்ப்’. எருமைத் தயிர் இங்கே ‘கேர்ட்’, அவர்கள் ‘யோகேர்ட்’ என்று நினைத்துத்தான் வாங்குவார்கள். வாங்கட்டும், சட்டியில் கரண்டி போட்ட பிறகு வித்தியாசம் அவர்களுக்கே தெரியும். கதிரை, அலுமாரி, மேசை ஆங்கிலம் என்று சிலர் நம்புகிறார்கள். அவை போர்த்துக்கீசர் விட்டுப்போனவை. கந்தோர் ஒல்லாந்தருடையது.

உறவுமுறைச் சொற்களில் ஆங்கிலம் ஏழை. மச்சான், மச்சாள், பெரியம்மாவின் மகன், மாமியின் மகள் எல்லாருக்கும் ‘கசின்’ ஒன்றுதான். ‘கசின் பிரதர்’ என்று சொல்லத் தேவையில்லை. மரியாதை விஷயத்தில் நிலைமை வேறு. ‘தண்ணி தாங்க’ என்பதில் அந்த ‘ங்க’ மரியாதையைத் தூக்கிப் பிடிக்கிறது. அதை ‘கிவ் மீ வோட்டர்’ ஆக்கினால் ‘ங்க’ வழியிலேயே விழுந்துவிடும், கேட்கிறவருக்கு அதட்டல்தான் மிஞ்சும். ஆங்கிலத்தில் மரியாதை கேள்வி வடிவத்திலும் ‘ப்ளீஸ்’ஸிலும் இருக்கிறது: ‘குட் ஐ ஹாவ் சம் வோட்டர், ப்ளீஸ்?’. ‘குட் ஐ ஹாவ்’ என்ற தொடக்கத்தை மட்டும் ஒரு கிழமை பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் பில், மெனு, ரிசீற், இன்னொரு கதிரை என்று எதையும் கொழுவலாம். முன்பின் தெரியாதவரை ‘அங்கிள்’, ‘அன்ரி’ என்று அழைப்பது நம் ஊரில் அன்பு, வெளிநாட்டவருக்கு வயது சொன்னது போல. ‘எக்ஸ்கியூஸ் மீ’ போதும்.

வழி சொல்வதற்கு நம்மிடம் நல்ல பாலமே இருக்கிறது. கல்லடியில் 1924ஆம் ஆண்டுப் பழைய பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும் பக்கத்தில் பக்கத்தில். ‘கோ ஓவர் த ப்ரிட்ஜ்’ என்றால் பாலத்தின் மேலால் கடந்து போவது, ‘அன்டர்’ என்றால் தோணி போகிற வழி. ரவுணிலிருந்து கடற்கரைக்கு வழி கேட்டால் ‘கோ ஓவர் த ப்ரிட்ஜ் அன்ட் டேர்ன் லெஃப்ட்’. ‘இந்தா கிட்டத்தான்’ என்று கையைக் காட்டவேண்டாம். எத்தனை நிமிடம் என்று சொல்லுங்கள்: ‘டென் மினிட்ஸ் ஒன் ஃபுட்’.

படிவங்களுக்குச் சுருக்கமாக: ‘பிளொக் லெட்டர்ஸ்’ என்றால் பெரிய எழுத்தில் எழுதவும், ‘நேம் வித் இனிஷியல்ஸ்’ என்றால் தகப்பன் பெயரைச் சுருக்கி முதலெழுத்தாகப் போட்டுத் தன் பெயரை முழுதாக எழுதவும். ‘சேர்நேம்’ கேட்டால் நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அதையே ஒவ்வொரு படிவத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். இடத்துக்கிடம் மாற்றினால் பிறகு சத்தியக் கடதாசி முடிக்க அலையவேண்டி வரும்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அறுகம்பையிலும் பாசிக்குடாவிலும் ஆட்கள் வருவது ஏறக்குறைய சித்திரை தொட்டு ஐப்பசி வரைதான். அதற்குப் பிறகு மாரி. அந்தப் பதினாறு வாரத்தை மழைக்குள் முடித்தால் சீசன் தொடங்கும்போது வாயில் 288 வசனம் இருக்கும். தனியாகப் படிப்பதைவிட இரண்டு பேராக இருப்பது நல்லது. ஒரு நாள் ஒருவர் டொக்டர், மற்றவர் நோயாளி. அடுத்த நாள் ஓட்டோவும் பயணியும். பதினைந்து நிமிடம், ஃபோனில் பதிவு செய்துகொண்டு. இடையில் தமிழ் வந்தால் நிறுத்தாமல் தொடருங்கள். பிறகு பதிவைக் கேட்டு, எந்த இடத்தில் தமிழ் வந்ததோ அந்த வசனங்களே அடுத்த நாள் கொப்பிக்குப் போகிற மூன்று.

வெறுமையாக விட்ட முதல் பக்கம். எவ்வளவு படித்தாலும் எதிரில் நிற்கிறவர் உங்கள் கொப்பியில் இல்லாததைத்தான் கேட்பார். அப்போது ‘வட்?’ என்று கத்தவும் வேண்டாம், விளங்கினது போல் சிரித்துத் தலையாட்டவும் வேண்டாம். அந்தப் பக்கத்தில் நான்கு வசனம் மட்டும் பெரிய எழுத்தில் எழுதி, மற்ற எல்லாவற்றுக்கும் முதல் அவற்றைப் பாடமாக்குங்கள். ‘ஸொரி, குட் யூ ஸே தட் அகெய்ன்?’ ‘எ லிட்டில் ஸ்லோவர், ப்ளீஸ்.’ ‘வட் டஸ் தட் மீன்?’ கையில் ஒரு பொருளை வைத்துக்கொண்டு, ‘வட் டூ யூ கோல் திஸ் இன் இங்கிலிஷ்?’ நாலாவதைக் கேட்கும்போது ஒரு பேனையும் வைத்திருங்கள். அவர் சொல்கிற சொல்லை அவரையே எழுதித் தரச் சொல்லலாம்: ‘குட் யூ ரைட் இட் டவுன், ப்ளீஸ்?’